பாதி சுரண்டிய படகு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் பாதி பொய். அதனால் இரண்டாம் பாதியை மட்டும் வைத்துக்கொள்.

நான் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டாய், அதனால்தான் காகிதம். இதை நடுவில் கட் பண்ண முடியாது பார்.

அம்மாவை அடக்கம் செய்த அன்று போனில் அப்பாவிடம் கேட்டாயே, 'கடல் உள்வாங்கினா ஓடணும்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும், அம்மாவ ஏம்ப்பா எறங்கச் சொன்னீங்க' என்று. கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அன்றிலிருந்து அவர் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். குளிக்கும்போது மட்டும் என் கையில் தருகிறார், அதுவும் பச்சைக் குழந்தையைத் தருகிற மாதிரி. அது அடிக்கவில்லை.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். சேற்றை அள்ளிவிட்டோம். சுவரில் என் தோள் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு மட்டும், எவ்வளவு தேய்த்தாலும் போகமாட்டேன் என்கிறது. பள்ளிக்கூடம் இப்போது மேல்தெருவில் ஒரு குடோனில் நடக்கிறது. கணக்கு டீச்சர் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து எனக்கு முட்டை போடுகிறார்.

அப்பா சாப்பிடுகிறார் என்று எழுதத்தான் ஆசை. சாப்பாட்டுக்கு முன்னால் உட்காருகிறார், அவ்வளவுதான். படகுப் பட்டறையைத் திறக்கவில்லை. விடிந்ததும் பழைய பள்ளி மைதானத்துக்குப் போய்விடுகிறார். பட்டறைக் கரையில் கட்டிப்போட்டிருந்த நீலப் படகை அலை தூக்கிக்கொண்டு போய் அங்கே கோல்போஸ்டுக்குள் போட்டிருக்கிறது. கடல் அடித்த கோல் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. வயிற்றில் பாதி சிப்பியும் பாசியும். மீதி சுத்தமாகச் சுரண்டியிருக்கிறது. சுத்தமாக இருப்பது அம்மா சுரண்டியது. அதைத் தொட அப்பா யாரையும் விடுவதில்லை.

போன வாரம் கடல் ஆராய்ச்சி ஆபீஸிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஊர் முழுக்கச் சுவரில் இருக்கும் தண்ணீர்க் கோட்டை டேப் வைத்து அளக்கிறார். அளவுக்காரம்மா என்று முகத்துக்கு நேராகவே கூப்பிட்டேன். கோபிக்காமல் டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்ததற்குக் கூலியாகக் கேள்வி கேட்டே அவர் உயிரை வாங்கினேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், கவனமாகப் படி.

கடலுக்கு அடியில் பூமி தட்டுத் தட்டாக இருக்கிறதாம். நம் வீட்டுத் தட்டில்லை, கண்டம் அளவுக்குப் பாறைத் தட்டு. ஒன்று இன்னொன்றின் அடியில் நுழைகிறது, நகம் வளருகிற வேகத்தில். நுழையும்போது விளிம்பில் சிக்கிக்கொள்கிறது. சிக்கினாலும் நகர்வது நிற்காது. மேலே இருக்கிற தட்டின் நுனியையும் சேர்த்து இழுத்து வளைக்கிறது. வருஷக்கணக்காக வளைந்து வளைந்து, ஒரு நாள் பிடி விட்டதும் நுனி துள்ளி எழுகிறது. வகுப்பில் நான் ஸ்கேலை வளைத்துக் காகித உருண்டை அடிப்பேனே, அதே வித்தை. ஆனால் இந்த ஸ்கேலின் மேல் இருப்பது கடல்.

தரையிலிருந்து மேல்மட்டம் வரை அத்தனை தண்ணீரும் ஒரே தூக்காக எழும்பி இரண்டு பக்கமும் சரிந்து ஓடுகிறது. நடுக்கடலில் விமான வேகம், ஆனால் உயரமே இருக்காது. அதன்மேல் மிதக்கிற படகுக்காரருக்குத் தெரியக்கூடத் தெரியாதாம். கரை நெருங்க, ஆழம் குறையக் குறைய, முன்னால் வருகிற தண்ணீர் தயங்குகிறது, பின்னால் வருவது அதன்மேல் ஏறுகிறது. அப்போதுதான் அது சுவராக நிற்கிறது.

அந்த நுனி எழும்போது கரைப்பக்கத்துக் கடல்தரை தாழ்ந்துவிட்டதாம். அதனால் அலைக்கு முன்னால் ஒரு பள்ளம் கிளம்பி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. தண்ணீர் உள்வாங்கியது அதனால்தான். எல்லா ஊரிலும் இப்படி இல்லை, சில ஊரில் எடுத்ததுமே அலைதானாம்.

இனி அந்தக் காலை. தரை லேசாக ஆடியது. பட்டறையில் பெயிண்ட் டப்பாக்கள் ஒன்றோடொன்று உரசின. 'இவதான் ஏதோ பண்றா' என்று அம்மா என்னை முறைத்தாள். ஒரு தடவையாவது நான் ஒன்றும் பண்ணாமல் திட்டு வாங்கினேன். அப்புறம் பெயிண்டில் கலக்கத் தின்னர் வாங்க மேல்தெருக் கடைக்கு விரட்டினாள். முனகிக்கொண்டே போனேன். அதனால்தான் இருக்கிறேன்.

பிறகு நடந்ததை அப்பா வாயிலிருந்து நான் முதலில் கேட்டது அளவுக்காரம்மாவிடம் அவர் சொன்னபோதுதான். தண்ணீர் இறங்கியதற்கும் அலை வந்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம் இருக்கும் என்று அளவுக்காரம்மா கேட்டார். அப்பா படகின் சுத்தமான இடத்தில் உள்ளங்கையை வைத்து, 'இவ்வளவு நேரம்' என்றார்.

அப்புறம் நிறுத்தவே இல்லை. 'தண்ணி எறங்குறதப் பாத்துப் பொழைக்கிறவங்கம்மா நாங்க. எறங்குனா படகு தரை தட்டும், உடனே அடியச் சுரண்டணும், ஏறுறதுக்குள்ள பெயிண்ட் அடிச்சிரணும். அன்னைக்கு நேரங்கெட்ட நேரத்துல எறங்குச்சு. ஓசியில கெடைச்ச எறக்கம்னு நெனைச்சேன். சீக்கிரம் எறங்குடின்னு நான்தான் சொன்னேன். சத்தம் கேட்டு ஓடிப்போயி கையப் புடிச்சேன். புடிச்சுத்தான் இருந்தேன்' என்றார். அலையில் படகு இழுக்கிற வின்ச் கம்பி கிழித்த அந்தக் கை இன்னும் ஆறவில்லை அக்கா.

போகும்போது அளவுக்காரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கழிமுகத்துக்கு அந்தப் பக்கத்துப் பட்டறையிலும் அன்று எல்லாரும் சுரண்டியோடுதான் இறங்கியிருக்கிறார்கள் என்றார். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். தட்டு, நுனி, பள்ளம் எல்லாம் சொன்னேன். 'போடி, ஒனக்கு எப்பவும் வெளையாட்டு' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, 'அக்கா கேட்டது சரியான கேள்விதான்' என்றார்.

அதனால் நீதான் சொல்ல வேண்டும். தண்ணீர் இறங்கியதும் செருப்பை உதறிவிட்டு முதல் ஆளாகச் சேற்றில் குதிக்கிறவள் நீ. அன்று இங்கே இருந்திருந்தால் அம்மாவுக்கு முன்னால் நீ இறங்கியிருப்பாய். உனக்கே தெரியும். அதை அவரிடம் சொல். சொல்ல வராவிட்டால் போனைப் போட்டுவிட்டுச் சும்மா இரு. நீயாக வைத்துவிடாதே, அது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ இருக்கிற வீட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம் என்று நேற்று அப்பா கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அதையும் நீயே அவரிடம் சொல்லிவிடு.

இப்படிக்கு,
அன்புத் தங்கை,
வாலு