அம்மா முதுகில் வைத்த குழாய்

அருள்ஜோதி,

நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் வைக்கச் சகாயநாதன் வந்தால் மோட்டார் ரூம் சாவியைக் கொடு.

அம்மா முதுகில் ஆபரேஷன் பண்ணிய இடத்தில், ரத்தம் பாட்டிலில் வடிவதற்காக வைத்த குழாயை நேற்றே எடுப்பதாகச் சொன்னார்கள். ரத்தம் வடிவது குறையாததால் எடுக்கவில்லை. அம்மாவால் திரும்பிப் பார்க்க முடியாது. "பாட்டில் நெறைஞ்சிடுச்சாங்க?" என்று என்னைத்தான் கேட்கிறாள். "கொஞ்சந்தான்" என்கிறேன். நான் பார்க்கும்போதே ஏறுகிறது.

ஆபரேஷன் வேண்டாமென்று நீ சொன்னாய். குனிய முடியாமல் அவள் அழுததைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, அவளுக்குப் போன் பண்ணு.

அப்பா

பத்து மணிக்கு டாக்டர் வருவார். அவரிடம் என்ன கேட்பதென்றே எனக்குத் தெரியவில்லை. கோபத்தோடவே வா. வந்து நீ கேளும்மா.