அத்தான் விட்ட பேர்

சனிக்கிழமை, இராஜபாளையம்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தை வீட்டு விசேஷம். போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேமில் தன் டீமை விட்டு என்னைத் தூக்கியதை அத்தை மகன் சரவணன் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தான். "ஏட்டி, பேண்டேஜ் மடிக்கிற கைக்குத் துப்பாக்கி எதுக்கு?" கேமில் காசு கட்டி, 'புலிக்குத்தி' என்ற தன் பழைய பேரை விட்டு வேறு பேருக்கு மாறிவிட்டதாகவும் பீற்றிக்கொண்டான்.

அவன் விட்ட பேரை யாரும் எடுக்கலாம். பேண்டேஜ் கம்பெனியில் வாங்கிய என் ஓவர்டைம் காசைக் கட்டி நானே எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு அந்தப் பேரில் வேண்டுமென்றே பதினொரு தடவை முதல் ஆளாகச் செத்தேன். பேர் மாறியது தெரியாமல், அவன்தான் என்று நினைத்து அவன் கூட்டாளிகள் எல்லாரும் கேமிலேயே கேலி.

சாயங்காலம் போன் பண்ணினான். "எவனோ என் பழைய பேர்ல ஆடி மானத்த வாங்குதான். யாருன்னு தெரியுமாட்டி?"

"தெரியலையே அத்தான்."

நாளைக்குக் கம்பெனி லீவு. அவன் பேரில் இன்னும் இருபது தடவை சாகணும்.