இரண்டு அமாவாசை காய வேண்டிய சோப்பு

அன்று நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது "போயிட்டு வாங்கக்கா" என்பது மட்டும்தான். வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரிடமும் சொல்வது. தபால்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வாரேன் புள்ள" என்றீர்கள். நான் தலையை ஆட்டினேன். என் முன்னால் எனாமல் பாத்திரத்தில் சோப்புக்கான எண்ணெயும் காரத் தண்ணீரும் சேர்ந்து கெட்டிப்பட ஆரம்பித்திருந்தன. கையில் அகப்பை சுற்றிக்கொண்டிருந்தது. கலக்குகிறவள் வாய் திறக்கக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம்.

இன்று காலை தலைக்கு வைக்க எண்ணெய்ப் புட்டியைச் சாய்த்தேன். வரவில்லை. பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே எங்கள் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் உறைவது மார்கழியில் சில காலைகளில்தான். கணவாய்க் காற்று இரவெல்லாம் அடித்திருந்தது. புட்டிக்குள் கழுத்துவரை வெள்ளையாக நின்றிருந்ததை விரலை விட்டுக் கிண்டினேன். அந்தக் குளிர் விரல் நுனியில் பட்டதும் தேவிகுளத்து அடுக்களையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பின்னால் நிற்கிறீர்கள் என்று தோன்றியது. திரும்பிப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் பார்ப்பதில்லை.

தாலுகா ஆபீசில் எழுத்தர் வேலை கிடைத்து மலையேறியபோது கடைத்தெருவுக்குக் கீழே ஒரு தகரக் கூரை வீட்டில் பாதி எனக்குக் கிடைத்தது. மறுபாதியில் நீங்கள், லாரி ஓட்டும் அண்ணன், அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த பாப்பா. நடுவில் பலகைச் சுவர். என்னிடம் இருந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் நூலகத்துப் புத்தகங்களும். முதல் நாளே பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "யாரும்மா அது, ஒங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டீர்கள்.

"நம்ம ஊடு பாலக்காட்டுக்குக் கெழக்கீங்க."

"ஊடா? வீடுன்னு சொன்னா வாய் வலிக்குதோ?" சிரிப்பு பலகை இடுக்கு வழியாக வந்தது. பழகிய பிறகு இன்னும் மோசம். "ஏ ஆபீஸம்மா, ஒங்க ஊருல மாட்டப் பாத்தும் நில்லுங்கன்னுதான் சொல்லுவீகளா?"

"மாட்டுக்குச் சொல்ல மாட்டமுங்க."

"அப்ப எனக்கும் சொல்லாத. மாட்ட விட நா என்ன ஒசத்தி?"

சாந்தன்பாறை ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த கைகள் உங்களுடையவை. கடைச் சோப்பு பட்டால் விரல் இடுக்கெல்லாம் சிவந்து, மறுநாள் வெடித்துவிடும். துணி துவைத்த அன்று சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியாமல் கரண்டியால் சாப்பிடுவீர்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பாப்பாவுக்கும் அதே தோல் என்று தெரிந்தபோதுதான் உங்கள் முகம் மாறியது. முழங்கை மடிப்பு, கழுத்து, முழங்கால் பின்புறம் எல்லாம் குளித்ததும் செக்கச்செவேலென்று ஆகி நீர் கசியும். டிஸ்பென்சரியில் தந்த களிம்பு இரண்டு நாள் கேட்கும், பிறகு கேட்காது. பயத்தமாவு தேய்த்த இடம் தடம் தடமாகத் தடித்தது. வெறும் வெந்நீர் ஊற்றினால் பாலும் வியர்வையும் அடுப்புப் புகையும் மடிப்புகளில் தங்கிப் புண்ணாயின. குளிப்பாட்டும் வாளியைக் கண்டாலே குழந்தை வீறிடும்.

"மூஞ்சி அவுக அப்பாவோடது," என்றீர்கள் ஒருநாள், அவளைத் துண்டில் சுற்றிக்கொண்டு. "தோலு மட்டும் என்னத வாங்கிருக்கு. இந்தச் சனியன விட்டுட்டு வேற எதையாச்சும் வாங்கிருக்கக் கூடாதா?"

அப்போதுதான் எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னேன். எங்கள் தோப்புத் தேங்காயைச் செக்கில் ஆட்டி, அந்த எண்ணெயில் அம்மா சோப்புச் செய்வார். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. படியால் எண்ணெய் அளப்பார், அதற்குத் தக்க காரம், அதாவது காஸ்டிக் சோடா, போடுவார். ஊருக்குப் போய் ஒரு டின் எண்ணெயோடு வந்தேன்.

முதல் தடவை செய்தது கெட்டுப்போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மலைக்கு வந்ததும் டின்னில் எண்ணெய் பாறையாகிவிட்டது. நான் அதைக் கரண்டியால் சுரண்டி எடுத்துப் படியில் போட்டு, மேலே வழித்து மட்டம் செய்து அளந்தேன். எங்கள் ஊரில் யாருக்கும் அப்படி அளக்க வேண்டி வந்ததில்லை. பாக்கு மட்டையை மடித்து ஈர்க்கு குத்திச் செய்த அச்சில் ஊற்றினோம். மறுநாள் நூலால் அறுத்தோம். ஒவ்வொரு கட்டியையும் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தீர்கள்.

ஒரு மாதம் கழித்து ஒன்றை எடுத்து நாக்கு நுனியில் வைத்தீர்கள். முகம் சுருங்கியது. "சுள்ளுங்குது புள்ள." இன்னும் காயட்டும் என்றேன். காய்ந்தும் சுள்ளென்றது. அதில் ஒரு துணுக்கை நனைத்து உங்கள் முழங்கை மடிப்பில் தடவினீர்கள். சாயங்காலத்துக்குள் அந்த இடம் நெருப்புப் பட்டதுபோல் இருந்தது. என் கையிலும் தடவிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை.

"ஒனக்கு எருமத் தோலு. அதுல போட்டா என்ன தெரியும்? எனக்குப் பட்டாத்தான் அவளுக்குப் பட்ட மாதிரி. என் மேல போட்டுப் பாக்காம எதையும் புள்ள மேல போடக் கூடாது, சொல்லிட்டேன்."

காரணம் பிறகு ஒருநாள் தற்செயலாகத் தெரிந்தது. படியில் அள்ளி வைத்த எண்ணெயை அடுப்போரம் மறந்துவிட்டேன். உருகியபோது படியில் கால் பங்கைக் காணோம். கட்டிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியையும் எண்ணெய் என்று எண்ணி அளந்திருக்கிறோம். எண்ணெய் குறைந்ததால் காரம் மிஞ்சிவிட்டது. உங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். படியை எட்டிப் பார்த்து, "ஒங்க ஊருப் படி மலையேறுனதும் பொய் சொல்லப் பழகிருச்சு" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அந்தக் கட்டிகள் பாத்திரம் துலக்கப் போயின.

இரண்டாவது தடவை செய்தது ஆடி அமாவாசை கழிந்த ஒரு காலையில். மழை விட்டுவிட்டுப் பெய்தது. எண்ணெயை முழுதும் உருக்கி அளந்தோம். பாப்பாவை எதிர் மளிகைக் கடை அம்மாவிடம் விட்டுவிட்டு, காரத்தைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஆற வைத்தோம். குளிரில் எண்ணெய் உறையாமலிருக்கப் பாத்திரத்தை வெந்நீர்த் தாம்பாளத்தில் வைத்தோம். ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும், நிறுத்தக் கூடாது. பேசவும் கூடாது என்று நீங்கள் சேர்த்துக்கொண்டீர்கள். "எங்க அம்மா பாகு கிண்டுறப்ப வாயத் தொறக்க மாட்டா. பேசுனா பாகு முறிஞ்சிரும்."

"சோப்புக்குக் காது இருக்குதுங்களா?"

"ஒனக்குத்தான் இல்ல, அதுக்காவது இருக்கட்டும்."

உங்கள் முறை முடிந்து அகப்பையை நான் வாங்கிய கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்தார். பூப்பாறைப் பக்கமிருந்து வந்த ஒரு டிரைவர் சேதி சொல்லியிருந்தார். உங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல், எழுந்திருக்கவில்லை. லாரி மேலே ரோட்டில் நின்றது. நீங்கள் ஒரு சேலையைச் சுருட்டிப் பையில் திணித்தபடியே பேசினீர்கள். "காச்சலுக்குள்ள புள்ளையக் கொண்டுபோவ முடியாது. நீ பாத்துக்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்திருவேன்." நான் எழுந்திருக்கப் பார்த்தேன். "எந்திரிக்காத. கைய நிறுத்துனா எண்ண தனியா, தண்ணி தனியாப் போயிரும். பேசாமக் கலக்கு. ரெண்டு அமாவாச காயட்டும், நா வந்து தொட்டுப் பாத்த பொறகுதான் அவளுக்கு." பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "வாரேன் புள்ள."

நான் பேசவில்லை. கலக்கினேன். தோசை மாவுப் பதம் வந்ததும் அச்சில் ஊற்றினேன்.

சொல்லியிருந்தால் நீங்கள் திரும்பி வந்திருப்பீர்கள் என்று நம்புகிறவள் இல்லை நான். படித்த புத்தகங்கள் அதற்கு விடமாட்டா. ஆனாலும் அந்தச் சொல் இன்னும் வாய்க்குள்ளேயே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவில்லை. ஒரு டிரைவர் வந்து, "கட்டியத் திருப்பித் திருப்பிப் போடுறியான்னு ஒங்க அக்கா கேக்கச் சொல்லிச்சு" என்றார். போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அடுப்புக்கு மேலே பலகையில் அடுக்கி, தினமும் புரட்டிக்கொண்டிருந்தேன். அடுத்து வந்தவர், "பாப்பா தேடுதான்னு கேட்டுச்சு" என்றார். "தேடலீங்கன்னு சொல்லுங்க" என்றேன். பாப்பா அப்போது பலகைச் சுவரைத் தட்டித் தட்டி உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். டிரைவர் அவளைப் பார்த்துவிட்டு, சரி என்று போனார்.

காய்ச்சல் உங்கள் அம்மாவை விட்டுவிட்டு உங்களைப் பிடித்தது. அண்ணன் வந்து வாசலிலேயே நின்றார். நனைந்திருந்தார். "அவ போயிட்டாம்மா" என்றார். நான் உள்ளே வாங்க என்றேன். அவர் வரவில்லை. வண்டியில் ஆள் காத்திருப்பதாகச் சொன்னார்.

அதன் பிறகு அவர் லாரி ஷெட்டிலேயே படுத்துக்கொண்டார். குழந்தை பகலில் கடை அம்மாவிடமும் ஆபீஸ் விட்டபின் என்னிடமும் இருந்தாள். உங்கள் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. விளக்கேற்றும் நேரத்தில் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அகப்பை எனாமலில் உரசும் சத்தம் வரும். சீராக, ஒரே பக்கமாக. காற்றில் ஏதோ தகரம் ஆடுகிறது என்று பகலில் சாவி வாங்கிப் போய்ப் பார்த்தேன். ஆடுகிற தகரம் எதுவும் இல்லை. பாப்பா அந்த நேரத்தில் விளையாட்டை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அந்தச் சத்தம் முறிந்துவிடும் என்று பயந்தேனோ என்னவோ.

இப்போது அதெல்லாம் இல்லை. மாற்றல் வாங்கி ஊருக்கு வந்துவிட்டேன். வருடத்துக்கு இரண்டு முறை எண்ணெய் உருக்கி அளந்து, பேசாமல் கலக்கி, இரண்டு அமாவாசை காய வைத்துப் போடிக்கு அனுப்புகிறேன். அம்மா, "ஊமையாட்ட உக்காந்து அப்பிடி என்னத்தக் கலக்கற?" என்கிறார். டிரங்குப் பெட்டியின் அடியில் நாளிதழில் சுற்றி ஒரு கட்டி வைத்திருக்கிறேன். நடுவில் உங்கள் கட்டை விரல் பதிந்த பள்ளம் இருக்கிறது. நல்லபடி வந்த சோப்பில் நீங்கள் கை வைக்கவே இல்லை. என்னிடம் இருப்பது பாத்திரம் துலக்கியதுபோக மிஞ்சிய, தோலைச் சுடுகிற அந்த முதல் சோப்புதான். இன்று காலை அதை எடுத்துப் பள்ளத்தில் என் விரலை வைத்தேன். என் விரல் சிறியது. சுற்றிலும் இடம் மிஞ்சியது.

அந்த வருடம் புரட்டாசி அமாவாசைக்குப் போடியிலிருந்து அண்ணனின் அக்கா வந்தார். உங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, மறுநாள் குழந்தையைத் தன்னோடு கூட்டிப்போவதாகப் பேச்சு. பையில் கடைச் சோப்பு ஒன்று கொண்டுவந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எல்லாம் பழகுனாச் சரியாப்போகும். அவ அம்மாதான் அத இத ஆகாதுன்னு பூப்போல வச்சிருந்தா. நாங்க எத்தன புள்ளைய வளத்திருக்கோம்!"

"ஒரு தடவ இதைப் போட்டுப் பாக்கலாமுங்க."

"நீயே காச்சுனதா? போடு, பாப்போம். செவந்துச்சு, அதோட இந்தப் பேச்ச விட்ரணும்."

பலகையிலிருந்து ஒரு கட்டியை எடுத்தேன். நாக்கில் வைத்தேன். சுள்ளென்று இல்லை, மாவுபோல் மந்தமாக இருந்தது. நாக்கு அவ்வளவுதான் சொல்லும். அதற்குமேல் தெரிந்துகொள்ள உங்கள் முழங்கை வேண்டும். என் கையில் தடவி என்ன பயன்? அங்கே உங்கள் தோலோடு இருந்தவள் வாளியைக் கண்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்த பாப்பா ஒருத்திதான். சிவந்தால் போடி வீட்டில் இனி கடைச் சோப்புதான். போடாமல் விட்டாலும் அதேதான்.

வெந்நீரை விளாவினேன். நுரையைக் கையில் எடுத்து முதலில் அவள் முழங்கை மடிப்பில் வைத்தேன். அவள் அழக் காத்திருந்தாள். எரியவில்லை போலிருக்கிறது, நுரையை விரலால் தொட்டாள். பிறகு கழுத்து, பிறகு முழங்கால் பின்புறம். ஊற்றித் துடைத்து, துணி போடாமல் மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணனின் அக்கா அவள் கையை விரித்து, "இப்ப ஒண்ணுந் தெரியாது, போகப்போகத்தான்" என்றார். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து, மாறி மாறி அவள் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். மழை வந்து போனது. பாப்பா தூங்கி எழுந்தாள். விளக்கேற்றியபோது வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இன்னொரு முறை பார்த்தோம்.

சிவக்கவில்லை.