சக்கரத்துக்கு முன்னால் ஓர் எலுமிச்சை

புரட்டாசி 12, ஞாயிறு

விடியலில் பனி. தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சியாயிற்று. புதன்கிழமை ஆயுத பூஜை. அதற்குள் மகள் ரூபாவின் வண்டியைக் கழுவ வேண்டும். அவள் சம்பளத்தில் அவளே வாங்கியது. ஸ்கூட்டி வேண்டாம், பைக்தான் என்றாள். தினமும் சானமாவுக் காட்டைத் தாண்டி ஓசூர் கம்பெனிக்கு, முதல் ஷிப்டுக்கு, அதில்தான் போகிறாள்.

நான் கழுவுகிறேன் என்றதும் அவளுக்கு யோசனை. என்னென்ன செய்யக் கூடாது என்று ராத்திரிச் சோற்றுக்கு நடுவே ஒரு பாட்டம் சொன்னாள். வண்டி சூடு ஆறணும். சைலன்சர் வாயில் கவர் கட்டணும். மீட்டர் மேலும் சாவி ஓட்டையிலும் தண்ணீர் பீய்ச்சக் கூடாது. பாத்திர சோப்பு வேண்டாம், ஷாம்பு போதும்.

அவள் அம்மா சிரித்தாள். “எருமய கழுவுன கைக்கு இவ்ளோ பாடமா?”

13, திங்கள்

வெயில். மேகம் மெதுவாக. ரூபா மத்தியானம் வந்து சாப்பிட்டுத் தூங்கிவிட்டாள். இஞ்சினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஆறிய பிறகுதான் ஆரம்பித்தேன். எருமையானால் பாதியில் எழுந்து சேற்றுக்குப் போய்விடும். இது நிற்கிறது, பாவம், கண்ணைத் திறந்துகொண்டு. குழாய்த் தண்ணீரில் ஒரு சின்ன வானவில். அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம். கையில் நுரை காய்ந்தது.

முன்சக்கரத்தில் வட்டமாக ஒரு தகடு, ஓட்டை ஓட்டையாக. வெள்ளித் தட்டு மாதிரி. ஈரம். அரிவாள், கடப்பாரை, கொழு எல்லாவற்றையும் பூஜைக்குக் கழுவினால் தேங்காய் எண்ணெய் தொட்டு வைப்போம், துருப் பிடிக்காமல் இருக்க. இது மட்டும் இரும்பில்லையா? தடவினேன். என்ன ஒரு மினுக்கம்.

14, செவ்வாய்

ரூபா இருட்டோடு கிளம்பிப் போனாள். பனிக்குள் சிவப்பு விளக்கு சின்னதாகி, சின்னதாகி, இல்லை.

பூசணிக்காய், பொரி வாங்கக் கெலமங்கலம் போனேன். மெக்கானிக் பாஷா பாய் கடையில் நின்று, வண்டி கழுவிய கதையைப் பெருமையாக எடுத்துவிட்டேன். எண்ணெய் என்றதும் அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“டிஸ்க்குக்கா தடவுன? அண்ணா, அதப் புடிச்சுதான் வண்டியே நிக்குது. எண்ணெ பட்டா வழுக்கும்.”

போன் போட்டேன். எடுக்கவில்லை. கம்பெனிக்குள் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். உள்ளே இருக்கிறாளா, வழியிலேயே கிடக்கிறாளா? பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருத்தர் கன்னடத்தில் சொல்லிக்கொண்டு போனார், “சானமாவுல ஆனெ பந்திதே.” காலையில் ரோட்டைத் தாண்டிய ஒற்றை யானையாம். கண்ணுக்குள் பனி. பனிக்குள் கருப்பாக ஒன்று. அதை நோக்கி ஒரு சிவப்பு விளக்கு, நிற்காமல்.

பாய் கடையைச் சாத்தினார். “ஏறுண்ணா.” அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்தேன். எனக்கு வழியெல்லாம் தண்ணீருக்குள் போவது போல.

காடு தொடங்குவதற்கு முன்னால் ஒரு டீக்கடை. புளியமரத்தடியில் ரூபாவின் வண்டி. ஸ்டாண்டு போட்டு, பூட்டி. சீட்டின் மேல் புளிய இலை. இஞ்சினில் கைவைத்துப் பார்த்தேன், ஆறிக் கிடந்தது.

டீக்கடைக்காரம்மா சொன்னது: பிரேக் வழுக்குகிறது, நேற்றுத்தான் கழுவினது, இதோடு காட்டுக்குள் போகமாட்டேன் என்று நிறுத்திவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். கழுவிய வண்டி என்றால் மெல்ல ஓட்டி, பிரேக்கை அழுத்தி அழுத்திப் பார்த்துத்தான் வேகம் எடுப்பாளாம். எனக்குத் தெரியாது.

டீ வாங்கினேன். குடித்தேனா, ஞாபகம் இல்லை.

மத்தியானம் ஷிப்டு முடிந்து ரூபா அங்கேயே பஸ் இறங்கினாள். பாய் தகட்டைச் சுத்தம் செய்து புது பிரேக் கட்டை மாட்டினார். கோபித்துக்கொள்வாள் என்று நின்றேன். என் கையை எடுத்து மோந்து பார்த்தாள். இன்னும் தேங்காய் எண்ணெய் வாசம்.

“அருவாளும் இதுவும் ஒண்ணாப்பா?”

15, புதன்

தூறல், பிறகு வெயில். அரிவாளுக்கு எண்ணெய். வண்டிக்குச் சந்தனம், விளக்குக்குக் கீழே மட்டும், ரூபா காட்டிய இடத்தில். முன்சக்கரத்துக்கு முன்னால், கொஞ்சம் தள்ளி ஓர் எலுமிச்சை. பழத்தை நசுக்கிக்கொண்டு அவள்தான் ஓட்ட வேண்டும். சாவியை என்னிடம் நீட்டினாள். இந்தத் தகடெல்லாம் இல்லாத பழைய பைக்தான் நான் ஓட்டிப் பழகியது. பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

ஊரே பூசணி உடைக்கிற சத்தம். எனக்கு எதுவும் கேட்கவில்லை. மெல்ல விட்டேன். பழம் கிட்டே வந்தது. வலது கை தானாக பிரேக்கைப் பிடித்தது.

நின்றது. பழத்துக்கு ஒரு விரல்கடை முன்னால்.

தோளுக்குப் பின்னால் அவள் மூச்சு. “நிக்குதுப்பா. இப்ப ஏத்து.”