நேர் ரோட்டில் மஞ்சள் கொடி

ஜூன் 3, திங்கள்
திருமங்கலம் தாண்டி வாங்கிய நிலத்தில் கோ-கார்ட் என்ற குட்டிக் கார்களுக்கான பந்தய ட்ராக் தயாராகிவிட்டது. பத்தாவதை மூன்று முறை எழுதியவன் இனி ட்ராக் ஓனர். கட்டியவள் முத்துமீனாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "எல்லாரும் எங்கயாச்சும் போறதுக்கு ரோடு போடுவாக. நீங்க கெளம்புன எடத்துக்கே திரும்பி வர்றதுக்குப் போட்ருக்கீக" என்றாள்.

ஜூன் 8, சனி
பழக வந்தவர்கள் ஏழு பேர். நேர்ப்பகுதியின் நடுவில் ஏழு பிரேக் தடங்கள், அளவெடுத்தாற்போல ஒரே இடத்தில். அங்கே வளைவில்லை, மேடில்லை. ஏன் மிதித்தீர்கள் என்றால், "மிதிக்கலையேண்ணே" என்கிறார்கள், ஏழு பேரும். மெக்கானிக் ராம்கி மட்டும் சிரித்தான்.

ஜூன் 11, செவ்வாய்
நடுப்பகலில் நானே ஓட்டிப் பார்த்தேன். தொப்பையை வண்டிக்குள் திணிக்க ராம்கி கை கொடுக்க வேண்டியிருந்தது. அந்த இடம் வந்ததும் கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது — குறுக்கே ஆள் வந்தால் மிதிப்போமே, அப்படி. எதிரே யாருமில்லை. யாருமில்லைதானே?

ஞாயிறு திறப்புப் பந்தயம். பன்னிரண்டு வண்டியும் நெருக்கிக்கொண்டு வரும். முன்வண்டி அங்கே நின்றால் பின்வண்டி ஏறிவிடும். பன்னிரண்டில் ஒன்றை ஓட்டப்போவது என் மகள் பவதாரிணி.

ஜூன் 13, வியாழன்
மழை விட்டதும் வேலியைச் சுற்றி வந்தேன். கிழக்கே சேற்றில் வெறுங்கால் தடங்கள், பெரிதும் சிறிதுமாக, வேலிவரை. உள்ளே ஒன்றுமில்லை. மேற்கு வேலிக்கு வெளியே மறுபடி தொடங்கிக் கண்மாய்ப் பக்கம் போகின்றன. இரண்டுக்கும் நடுவில் அந்த பிரேக் இடம். யாரோ நடக்கிற பாதையை மறித்தா ட்ராக் போட்டேன்? பத்திரத்தில் பாதை இல்லையே. கம்பி ஓரிடத்திலும் வளையவில்லை.

ஜூன் 14, வெள்ளி
"நீ ஓட்ட வேணாம் பாப்பா."
"நான் பிரேக்கத் தொட மாட்டேன்ப்பா."
"எல்லாரும் தொடலைன்னுதான் சொல்றாக."
"அப்ப மத்தவுக புள்ளைக மட்டும் ஓட்டலாமா?"


ஜூன் 15, சனி
இரண்டு பக்கமும் ஆள் நுழையும் அளவுக்கு வேலியை வெட்டினேன். ராம்கி ஏன் என்று கேட்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு
மஞ்சள் கொடி காட்டினால் வண்டிகள் மெதுவாக வர வேண்டும், முந்தக்கூடாது. அதை எடுத்துக்கொண்டு அந்த பிரேக் இடத்தின் ஓரத்தில் நானே நின்றேன். எல்லாச் சுற்றிலும் காட்டினேன். "அண்ணே, இது பந்தயமா, தேரோட்டமா?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். கத்தட்டும். எந்த வண்டியும் மோதவில்லை. பவதாரிணி நான்காவதாக வந்தாள், என்னோடு இன்னும் பேசவில்லை.

ஆறாவது சுற்றில் கை கடுத்துக் கொடியை இறக்கப் போனேன். பக்கத்தில் நின்ற ராம்கி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கிழக்கு வேலியில் வெட்டிய இடத்தில் இருந்தது. என் கண்ணுக்கு அங்கே யாருமில்லை.

"செத்த பொறுங்கண்ணே. கைப்புள்ளையோட ஒருத்தி பின்னாடி வாரா."