துண்டுக்குள் விசில்

அன்புள்ள அப்பாவுக்கு,

சிவசக்தி வணங்கி எழுதுவது. நான் நலம். வாழவந்தியில் குளிர் எப்படி? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? ஃபோனில் பாதி உங்களுக்குக் கேட்காது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பெங்களூர் கம்பெனியின் காது மிஷினைக் குளிர்ப் பிரதேசத்துக்காரர்கள் மட்டும் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. எனக்கு நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது: “குளுருக்குத் துண்டக் கட்டுனா உள்ள விசிலடிக்குது கண்ணு. நொம்ப ரோதனை, கழட்டி வெச்சுட்டேன்.”

மீட்டிங்கிலேயே மேனேஜர் காதில் மிஷினை மாட்டி, உங்களைப் போலவே இறுக்கித் துண்டு கட்டிவிட்டேன். விசில் அறை முழுக்கக் கேட்டது. நல்லவேளை, அவர் சிரித்துவிட்டார்.

இப்போது துணிக்குள்ளும் விசிலடிக்காத மிஷின் தயார். காப்புரிமை விண்ணப்பத்தில் ‘சிவசக்தி அங்கப்பன்’ என்று உங்கள் பெயரையும் சேர்த்தே எழுதினேன். முதல் மிஷின் உங்களுக்குத்தான், பார்சலில் வருகிறது. மாட்டிக்கொண்டு தைரியமாகத் துண்டு கட்டுங்கள்.

உங்கள் பழைய துண்டை எனக்கு அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். ஏன் என்று அம்மா கேட்டால், கம்பெனியில் சோதனைக்குக் கேட்கிறார்கள் என்று சொல்லிவிடுங்கள்.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகள்,
சிவசக்தி அங்கப்பன்