அரக்கனுக்கு ஆர்மோனியம்

இன்று காலை உன் ஆர்மோனியத்தைத் திறந்தேன். துருத்தியில் நீ ஒட்டுப்போட்ட ஆட்டுத்தோலின் வாசனை குப்பென்று வந்தது. ஆம்பூரில் தோல் வாசனையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இது ஷூவுக்குள் வைக்கும் மெத்தென்ற லைனிங் தோல், சூப்பர்வைசரிடம் கேட்டு நீ வாங்கிவந்த துண்டு. சொல்யூஷன் தடவி ஒட்டிவிட்டு, "ஷூ கிழிஞ்சாலும் இது கிழியாது பாரு" என்றாய். இன்னும் கிழியவில்லை.

ஷூ ஃபேக்டரியின் தையல் லைனில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் இருந்த நாம் செல்போன் கேம்களுக்கு இசை கோக்கப் போனதை உன் வீட்டிலும் நம்பவில்லை, என் வீட்டிலும் நம்பவில்லை. மெட்டை கேம் கம்பெனி தந்துவிடும். எந்த இடத்துக்கு எந்தக் கருவி என்பது நம் வேலை. சில்லறை வேலைகளுக்குப் பிறகு ஒரு பெரிய கேம் வந்தது. கடைசிக் கட்டத்து அரக்கனின் இசை பிடித்தால் முழு கேமும் நமக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. அப்போதே உனக்கு உடம்பு முடியவில்லை. "இது ஒண்ண கேமுக்குள்ள கேட்டுட்டா போதும்டி" என்றாய்.

நான் அடிவயிற்றை அதிரவைக்கும் கருவிகளாகத் தேடித்தேடி வைத்தேன். செல்லோ, பெரிய முரசு, கனத்த பித்தளைக் குழல். ஹெட்போனில் கேட்டால் எனக்கே பெருமை தாங்கவில்லை. நீ அதை செல்போனில் ஏற்றி, மாதனூர் பஸ்ஸில் மடியில் வைத்துக் கேட்டாய். அந்தக் குட்டி ஸ்பீக்கரில் கனமான ஒலி எதுவும் வரவில்லை. அழகுக்குச் சேர்த்த புல்லாங்குழல் மட்டும் கீச்சென்றது.

"அரக்கன் வர்றான்னு பாத்தா கொசு இல்ல வருது" என்று சிரித்தாய். எனக்கு வந்த கோபத்தில் இறங்கும்வரை உன்னோடு பேசவில்லை.

மறுநாள் நீ ஆர்மோனியத்தின் கீழ்க்கட்டைகளை அமுக்கிப் பதிவு செய்தாய். அந்தக் கரகரப்பு சின்ன ஸ்பீக்கரிலும் நுழைந்தது. மிச்ச கனத்தைக் காதே சேர்த்துக்கொண்டது. கம்பெனிக்காரருக்குத்தான் பிடிக்கவில்லை. "கச்சேரிப் பெட்டிய அரக்கனுக்கு வெச்சா சிரிப்பாங்க, மாத்திக் குடுங்க" என்றார். மாற்றிவிடலாம் என்று நானும் சொன்னேன். வேலூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி நீ, "ரெண்டையும் போன்ல போடு" என்றாய்.

மத்தியான நேரம். வார்டில் மின்விசிறிகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. என்னுடையதைப் போட்டேன். ஒருவரும் திரும்பவில்லை. உன்னுடையதைப் போட்டேன். பக்கத்துக் கட்டில் காவேரிப்பாக்கத்து அம்மா எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாம்மா அது? பெருசா ஏதோ வர்ற மாதிரி இருக்குது."

உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அவருக்கு போன் போடுடி. ஹெட்போன கழட்டிட்டு, போன மேஜைமேல வெச்சு கேக்கச் சொல்லு."

அவர் கேட்டார். மறுபடியும் ஒருமுறை போட்டுக் கேட்டார். பிறகு, "இதையே வெச்சிடுங்க" என்றார். முழு கேமும் நம்முடையதானது. அது வெளிவந்த அன்று உன் விரலாலேயே ஆடி, உன் அரக்கனிடமே தோற்று, "ஜாஸ்தி பயமுறுத்திட்டமோ?" என்று கேட்டாய். அவ்வளவு சந்தோஷமாக உன்னை நான் பார்த்ததே இல்லை. அதன் பிறகுதான் நீ போனாய்.

இப்போது அதே கம்பெனி, கருவிகளை என் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. யாராவது வந்து வயலின் கூட்டத்தையே இறக்கச் சொன்னால், "போன்ல கேட்டீங்களா?" என்று உன் மிடுக்கோடுதான் கேட்கிறேன்.

போன வாரம் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் அந்தக் கட்டத்தில் தோற்றுப்போனாள். "அந்தச் சத்தம் வந்தாலே எத அமுக்குறதுன்னே மறந்துபோவுதுடி" என்று தோழியிடம் சொல்லிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தாள். அதை வாசித்தது யார் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. முதலில் அவள் உன்னை ஜெயிக்கட்டும்.